பூதம் கேட்டது பலி அன்று!

பேய்க்கதைக்கும் பகுத்தறிவு ஏட்டுக்கும் என்ன உறவு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். பேயென்றும் பூதமென்றும் சொல்லிச் சொல்லியே பிஞ்சு நெஞ்சங்களில் அச்சத்தை விதைத்து, அந்த அச்சத்தையே முதலாக வைத்துக் கழிப்புக்கும் காணிக்கைக்கும் கடை விரித்தோரை நாம் அறிவோம். ஆகவே, பூதம் வந்தது என்ற வரியைக் கண்டதும் ஏட்டை மூடத் துடிக்கும் கைகளை நான் குறை கூறேன். ஆனால், கதைக்குள் பூதம் வருகிறதா, இல்லையா என்று பார்ப்பதோடு திறனாய்வு முடிந்துவிடுமா? வந்த பூதம் என்ன கேட்டது? கேட்டதைப் பெற்றபின் அந்தப் பிள்ளையை முன்னினும் கோழையாக்கிச் சென்றதா, முன்னினும் தெளிந்தவனாக்கிச் சென்றதா? இவற்றையும் கேட்டுப் பார்த்தாலன்றி, ஒரு கதை யார் பக்கம் நிற்கிறது என்பது விளங்காது.

அத்தகைய ஆய்வுக்கு ஏற்ற புதினம் ஒன்று, 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. பெயர் "எ மான்ஸ்டர் கால்ஸ்". "பூதம் தேடி வருகிறது" என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் பாட்ரிக் நெஸ். அமெரிக்காவில் பிறந்து பிரிட்டனில் குடியேறியவர். ஆனால், கதையின் கரு அவருடையதன்று. ஷிவான் டவுட் என்னும் எழுத்தாளரின் சிந்தையில் முளைத்தது அது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான அந்த அம்மையார், கதையை எழுதி முடிக்குமுன், 2007ஆம் ஆண்டில், 47ஆம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற விதையை நெஸ் மரமாக்கினார். ஜிம் கே என்னும் ஓவியர் கறுப்பு வெள்ளையில் சித்திரம் தீட்டினார். 2012ஆம் ஆண்டில் எழுத்துக்கான கார்னகி பதக்கத்தையும் ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கத்தையும் இந்த ஒரு நூலே பெற்றது. இரண்டையும் சேர்ந்து பெற்ற முதல் நூல் இதுவே. 2016ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது.

சாவை அருகிருந்து பார்த்த ஒருவர் தொடங்கிய கதை இது. சாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற கேள்வி அதன் ஒவ்வொரு பக்கத்திலும் துடிக்கிறது.

கானர் என்னும் சிறுவனுக்கு வயது 13. அவன் தாய் புற்றுநோயால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருக்கிறாள். தந்தையோ அமெரிக்காவில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டவர். பாட்டி கண்டிப்பானவர், பேரனோடு ஒட்டாதவர். வீட்டுக்குப் பின்னே ஒரு மேடு, அதன்மேல் ஒரு தேவாலயம், அதையொட்டி இடுகாடு, இடுகாட்டில் முதிர்ந்த யூ மரம் ஒன்று. நள்ளிரவு கடந்து, 12 மணி 7 நிமிடம் ஆனதும் அந்த மரம் பூதமாக உருக்கொண்டு வந்து, சிறுவனின் சாளரத்தருகே நிற்கிறது.

அலறி ஓடியிருக்கவேண்டிய சிறுவன் ஓடவில்லை. இதைவிடக் கொடியதை நான் பார்த்திருக்கிறேன் என்பதுபோல் நிற்கிறான். ஆம்! இரவுதோறும் அவனை வாட்டும் கனவொன்று உண்டு. அந்தக் கனவை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பூதம் வந்ததும் அதற்காகத்தான். மூன்று கதைகளை நான் சொல்வேன், நான்காவதை நீ சொல்லவேண்டும், அது உண்மையாக இருக்கவேண்டும் என்கிறது அது. ஆடு கேட்கவில்லை, கோழி கேட்கவில்லை, படையல் கேட்கவில்லை. உண்மையைக் கேட்கிறது!

இனிய பொய்களால் மூடிய வீடு

அந்தச் சிறுவனைச் சுற்றியிருப்போர் தீயவர்களா என்றால், இல்லை. அனைவரும் அன்புடையோர். அதுதான் துன்பத்தின் வேர். தாய், "அடுத்த மருந்து கைகொடுக்கும்" என்கிறாள். அதுவும் தோற்றதும், அதற்கடுத்த மருந்தைச் சுட்டுகிறாள். கடல் கடந்து வந்த தந்தை, சில நாள் தங்கிச் சில சொல் பேசி, மீண்டும் பறந்துவிடுகிறார். பாட்டி, பேசவேண்டும் பேசவேண்டும் என்கிறாளே தவிர, பேசவேண்டியதைப் பேச அவளுக்கும் நா எழவில்லை. பள்ளியிலே, நல்லெண்ணத்தோடு தோழியொருத்தி செய்தியைப் பரப்பிவிட, ஆசிரியர்கள் அவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குகிறார்கள். மாணவர்கள் விலகிச் செல்கிறார்கள்.

வகுப்பறையில் நின்று பாடம் சொல்பவன் என்ற முறையில், ஓரிடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். தன்னை நாளும் வதைக்கும் ஹாரி என்பவனை, கானர் ஒருநாள் உணவுக்கூடத்திலே மருத்துவமனைக்கு அனுப்புமளவு அடித்துவிடுகிறான். விதிப்படி பள்ளியைவிட்டு நீக்கவேண்டிய குற்றம். தலைமையாசிரியையோ, அவன் வீட்டு நிலையை எண்ணித் தண்டிக்க மறுத்துவிடுகிறார். இரக்கம்தான்! ஆனால், அந்த இரக்கம் சிறுவனின் நெஞ்சில் இடியாக இறங்குகிறது. ஏன்? அவன் தண்டனையை எதிர்பார்த்து நிற்கிறான்; தண்டனையை விரும்பி நிற்கிறான். பாட்டியின் கூடத்தை நொறுக்கியபோதும் அவனை எவரும் தண்டிக்கவில்லை. இப்போதும் இல்லை. தான் பெருங்குற்றவாளி என்று நம்பும் பிள்ளைக்கு, "உன்மேல் குற்றமில்லை" என்ற பொதுச்சொல் ஆறுதல் தருவதில்லை. "உன்னை நாங்கள் பார்க்கவே மாட்டோம்" என்ற ஒதுக்கலாகவே அது கேட்கிறது. பூதம் சொல்லும் மூன்றாவது கதை, எவர் கண்ணுக்கும் புலப்படாமற்போன ஒருவனைப் பற்றியது. அந்தக் கதை கானரின் கதையே என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

எண்ணம் கொல்லுமா?

அப்படி அவன் செய்த குற்றம் என்ன? அதுதான் நான்காவது கதை.

கனவிலே, மலைவிளிம்பில் தாய் தொங்குகிறாள். அவள் கைகளைச் சிறுவன் பற்றியிருக்கிறான். பிடி நழுவுகிறது, அவள் வீழ்கிறாள். நழுவியதா, விட்டுவிட்டானா? விட்டுவிட்டேன் என்பதே அவன் மறைத்துவைத்த உண்மை. பற்றியிருக்க முடிந்தும் விட்டுவிட்டேன். தாய் பிழைக்கமாட்டாள் என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துவிட்ட சிறுவன், இந்தக் காத்திருப்பு எப்போது முடியும், இந்த வலி எப்போது தீரும் என்று ஏங்கியிருக்கிறான். முடிந்துவிட்டால் போதும் என்று ஒரு கணம் விரும்பியிருக்கிறான். அந்த விருப்பமே தாயைக் கொல்கிறது என்று நம்புகிறான்!

தோழர்களே, இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கதையிலே மூடநம்பிக்கை எது? மரம் நடந்து வருவதா? நினைத்ததால் தாய் சாகிறாள் என்று ஒரு பிள்ளை நம்புகிறதே, அதுதான் மூடநம்பிக்கை. நினைப்புக்கு உயிர்கொல்லும் ஆற்றல் உண்டு என்பதுதானே செய்வினையின் அடிப்படை? பார்வைக்குக் கெடுக்கும் ஆற்றல் உண்டு என்பதுதானே கண்ணேற்றின் அடிப்படை? இந்தச் சிறுவனுக்கு எந்தப் பூசாரியும் அதைக் கற்பிக்கவில்லை. தனிமையும் ஊமைத்தனமும் கூடிப் பெற்ற பிள்ளை அது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ஜான் பியாஜே, குழந்தைகள் தம் எண்ணமும் செய்கையும் வெளியுலக நிகழ்ச்சிகளை ஆட்டிவைப்பதாக நம்பும் போக்கை 1920களிலேயே ஆராய்ந்து எழுதினார். வளர வளர உதிரவேண்டிய அந்த நம்பிக்கை, துயரம் தாக்கும்போது மீண்டும் தலைதூக்குகிறது. பெரியவர்கள் வாய் மூடியிருக்கும் வீட்டில் அது வேரூன்றுகிறது.

அந்த வேரை வெட்டுவது யார்? பாதிரியாரல்லர், மந்திரவாதியல்லன். பூதமே வெட்டுகிறது! மனித உள்ளம் ஒரே நாளில் நூறு முறை தனக்குத்தானே முரண்படும். தாய் வாழவேண்டும் என்பதும் வலி தீரவேண்டும் என்பதும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கும். நினைப்பு குற்றமன்று, செய்கையே கணக்கில் வரும் என்ற கருத்தை அது சிறுவனுக்கு உணர்த்துகிறது. ஒரு பகுத்தறிவு மேடையில் சொல்லத்தக்க உரையை, இடுகாட்டு மரத்திலிருந்து இறங்கிவந்த பூதத்தின் வாயில் வைத்திருக்கிறார் ஆசிரியர். பூதத்தைக் கொண்டே மந்திரத்தை முறித்திருக்கிறார். இந்த நூலின் வெற்றி இதுவே என்பேன்.

சூனியக்காரி யார்? கொலைகாரன் யார்?

பூதம் சொல்லும் முதற்கதையும் நம் கவனத்துக்குரியது. அரசன் இறந்தபின், இளவரசன் பருவமடையும்வரை நாட்டை ஆளும் இளைய அரசி ஒருத்தி. அவளைச் சூனியக்காரி என்று ஊர் முணுமுணுக்கிறது. இளவரசனின் காதலியான உழவர் மகள், யூ மரத்தடியில் கொலையுண்டு கிடக்கிறாள். அரசியே கொன்றாள் என்று அவன் முழங்க, மக்கள் திரண்டெழுகிறார்கள், கோட்டை வீழ்கிறது. ஆனால், பூதம் அந்த அரசியைத் தூக்கிச் சென்று தொலைவில் காப்பாற்றி விடுகிறது. ஏன்? அவள் சூனியக்காரிதான், கொலைகாரியல்லள். மக்களைக் கிளர்ந்தெழச் செய்வதற்காகக் காதலியைக் கொன்றவன் இளவரசன்!

சூனியக்காரி என்று ஒருத்திக்குப் பெயர் சூட்டிவிட்டால், அவள்மீது எந்தப் பழியையும் சுமத்தலாம், சான்று கேட்பாரில்லை. ஐரோப்பா அந்தக் கொடுமையைப் பல நூற்றாண்டுக் காலம் ஆடித் தீர்த்தது. இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தூக்குத் தண்டனை விதித்த சட்டம் 1736ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அந்த வரலாற்றின் நிழல் இந்தச் சிறுகதைமேல் படிந்திருக்கிறது. மக்களின் சினம் உண்மையானதாக இருந்தாலும், அதை ஏவியவன் பொய்யனாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ளவேண்டிய எச்சரிக்கை அது.

நம்பிக்கையா நோய் தீர்த்தது?

இத்தனை பாராட்டியபின் குறையையும் கூறவேண்டும். இரண்டாவது கதையில் பூதம் வழுக்கி விழுகிறது.

பழைய முறையில் பச்சிலை மருந்து செய்யும் வைத்தியன் ஒருவன். பாதிரியாரின் நிலத்திலுள்ள யூ மரத்தை மருந்துக்குக் கேட்கிறான். பாதிரியார் மறுக்கிறார், அவனுக்கு எதிராகத் தேவாலயத்தில் பேசியும் வருகிறார், அவன் பிழைப்பு கெடுகிறது. பின்னர் கொள்ளைநோய் வருகிறது. பாதிரியாரின் இரு பெண்மக்கள் படுக்கையில் வீழ்கிறார்கள். தந்தை ஓடிவந்து, மரத்தைத் தருகிறேன், என் கொள்கை யாவற்றையும் கைவிடுகிறேன், மக்களைக் காப்பாற்று என்று மன்றாடுகிறார். அப்படியானால் என்னால் ஆவதொன்றுமில்லை என்று வைத்தியன் கைவிரிக்கிறான். பெண்கள் மாள்கிறார்கள். பூதமோ பாதிரியாரின் வீட்டை இடித்துத் தள்ளுகிறது. கொள்கையை எளிதில் உதறியவன் குற்றவாளி என்றும், நோய் தீர்ப்பதில் பாதி நம்பிக்கையே என்றும் அதற்கு நியாயம் கற்பிக்கிறது.

இதை நாம் ஏற்க இயலாது. பாதிரியாரின் தன்னலத்தைக் கண்டிக்கட்டும். மருந்து கிடைக்கவொட்டாமல் தடுத்த அவர் பிடிவாதத்தைக் கண்டிக்கட்டும். ஆனால், தந்தையின் தவற்றுக்காக நோயுற்ற பெண்களுக்கு மருந்து மறுத்தவன் மருத்துவனா? மருந்து குடிப்பவரின் கொள்கையைக் கேட்டா குருதியில் கலக்கிறது?

யூ மரத்தின் உண்மை வரலாறே பூதத்தின் வாதத்தைப் பொய்யாக்குகிறது. அந்த மரத்தின் இலையும் விதையும் நஞ்சு. இங்கிலாந்தின் தேவாலய வளாகங்களில் அது நூற்றாண்டு நூற்றாண்டாக நின்றது. அதைச் சுற்றி நம்பிக்கைகளும் வளர்ந்தன. அந்த நம்பிக்கைகளால் ஒரு புற்றுநோயும் தீரவில்லை. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில், பசிபிக் யூ என்னும் அதன் இனமரத்தின் பட்டையை ஆர்தர் பார்க்ளே என்னும் தாவரவியலார் ஆராய்ச்சிக்காகச் சேகரித்தார். மன்ரோ வால், மன்சுக் வானி ஆகியோர் குழு அதிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971ஆம் ஆண்டில் வெளியிட்டது. உயிரணு பிளந்து பெருகுவதை அது எவ்வாறு தடுக்கிறது என்பதை 1979ஆம் ஆண்டில் சூசன் ஹார்விட்ஸ் அம்மையாரின் ஆய்வு காட்டிற்று. 1992ஆம் ஆண்டில்தான் பாக்லிடாக்செல் என்னும் மருந்தாக அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. 30 ஆண்டு உழைப்பு! நஞ்சு மரத்தை மருந்து மரமாக்கியது ஆய்வு, வேண்டுதலன்று.

நல்லவேளையாக, நூலின் பிற்பகுதி பூதத்தின் இந்தப் பிழையைத் தானே திருத்திவிடுகிறது. கானரின் தாய்க்குத் தரப்படும் இறுதி மருந்து யூ மரத்திலிருந்து செய்யப்பட்டதே. அதைக் கேட்ட சிறுவன் பூதம் வந்தது தாயைக் காக்கவே என்று முழுமனத்தோடு நம்புகிறான். நம்பிக்கை நோயில் பாதியைத் தீர்ப்பது உண்மையானால், அந்தத் தாய் பாதியாவது பிழைத்திருக்கவேண்டுமன்றோ? பிழைக்கவில்லை. மருந்து தோற்கிறது. நான் வந்தது அவளைக் காக்கவன்று, உன்னைக் காக்க என்கிறது பூதம். அற்புதம் நிகழ்த்திக் கைதட்டல் பெறும் எளிய வழி ஆசிரியருக்கு முன் திறந்தே இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பூதம் உண்டா, இல்லையா?

இன்னொரு குறையையும் தோழர்கள் சுட்டக்கூடும். பூதம் வந்துபோன காலையில் அறையெங்கும் யூ இலைகள் கிடக்கின்றன. மற்றொரு நாள் கனிகள். பிறிதொரு நாள் தரைப்பலகையில் ஒரு மரக்கன்று. இது பூதத்தை மெய்யென்று நிறுவும் சூழ்ச்சியாகாதா? நான் அப்படிக் கருதவில்லை. அந்த இலைகளைக் கானர் ஒருவனே காண்கிறான். அவனே பெருக்கி அள்ளி, தாய் அறியாமல் ஒளித்துவிடுகிறான். அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும் செயல்கள் யாவும் அவன் கையால் நடந்தவை. பாதிரியார் வீட்டைப் பூதம் இடித்தபோது, நொறுங்கியது பாட்டியின் கூடம். நொறுக்கியவை சிறுவனின் கைகள். உணவுக்கூடத்தில் ஹாரியை அடித்ததாக ஊர் கண்டது கானரையே. பூதம் அவன் சினத்தின் உருவம், அவன் துயரத்தின் உருவம் என்று கொள்வதற்குக் கதை இடம் விட்டிருக்கிறது.

வேறு கதைகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை மேலும் விளங்கும். வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971ஆம் ஆண்டில் எழுதி, 1973ஆம் ஆண்டில் திரைக்கு வந்து உலகையே நடுங்கவைத்த "தி எக்சார்சிஸ்ட்" கதையிலும் ஒரு குழந்தை வருகிறாள். பெற்றோர் பிரிந்துபோன வீட்டில் வளரும் சிறுமி. அவளுடைய தனிமைக்குள் கதை நுழைந்திருக்கலாம், நுழையவில்லை. மருத்துவர்கள் வருகிறார்கள், தோற்பதற்காகவே. பாதிரிமார் வருகிறார்கள், வெல்வதற்காகவே. சிறுமியின் வாயில் பேய் பேசுகிறது. சிறுமி பேசவே வாய்ப்பில்லை. மக்களை மருத்துவமனை வாயிலிலிருந்து பலிபீடத்துக்குத் திருப்பும் கதையல்லவா அது?

2014ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஜெனிபர் கென்ட் அம்மையார் இயக்கிய "தி பாபடூக்" படமோ இதற்கு நேர்மாறு. மகப்பேற்றுக்காக மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில் விபத்தில் மாண்ட கணவன். அவன் பெயரை எடுக்கவே அஞ்சும் மனைவி. தந்தை இறந்த நாளே தன் பிறந்தநாளாக அமைந்த சிறுவன். பேச மறுத்த துயரம் பூதமாகி வீட்டுக்குள் வளர்கிறது. அதை ஓட்ட எந்தப் பாதிரியாரும் அழைக்கப்படவில்லை. இறுதியில் தாய் அதை எதிர்த்து நின்று அடக்கி, நிலவறையில் வைத்து மண்புழுவை உணவாகக் கொடுத்து வாழப் பழகுகிறாள். இறந்தவன் பெயரும் பேச்சில் வருகிறது. துயரத்தை விரட்டிவிட முடியாது, அதனோடு வாழக் கற்கலாம் என்ற தெளிவு அங்கே இருக்கிறது. மேல்நாட்டுப் பேய்க்கதை, பலிபீடத்தை விட்டு மனித மனத்தை நோக்கி நடந்துவந்த தொலைவுக்கு இந்த இரு கதைகளுமே சான்று.

அவற்றுள்ளும் நெஸ்ஸின் நூலை நான் உயர்த்திப் பேசக் காரணம் அதன் முடிவு. உண்மையைச் சொல்லித் தீர்த்த சிறுவனைப் பாட்டி மருத்துவமனைக்கு அழைத்து ஓடுகிறாள். ஒட்டாத அந்த இருவரையும் ஒட்டவைக்கும் பொருள் ஒன்றுண்டு. சாகக் கிடப்பவள் ஒருத்திக்குத் தாய் அவள், அவளுக்கே மகன் இவன். தாயின் படுக்கையருகே நின்று, நீ போகவேண்டாம் என்று அவன் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறான். கடிகாரம் 12 மணி 7 நிமிடத்தை நெருங்குகிறது. விண்ணுலகில் சந்திப்போம் என்ற உறுதிமொழி இல்லை. ஆவி பறந்து செல்லும் காட்சி இல்லை. இறுகப் பற்றிக்கொண்டே விடைகொடுக்கிறான். அவ்வளவுதான்! சாவுக்கு முன்னால் பொய் பேசாமல் நிற்கத் தெரிந்த கதை அது.

பேயில்லை, பூதமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால், சாவு நுழைந்த வீட்டின் மூலையில் ஒரு பிள்ளை ஒடுங்கி உட்கார்ந்திருக்கும்போது, "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றும் "சாமியிடம் போய்விட்டாள்" என்றும் சொல்லிவிட்டு எழுந்து போவோமானால், நாம் விரட்டிய பூதத்தைவிடக் கொடிய ஒன்றை அங்கே விட்டுவருகிறோம். என்னால்தான் செத்தாளோ என்று அந்தப் பிஞ்சு கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல ஆளில்லை. அருகில் உட்காருங்கள். அதன் வயதுக்கு ஏற்ற சொல்லில் உண்மையைச் சொல்லுங்கள். அது சொல்ல அஞ்சும் உண்மையையும் முகம் சுளிக்காமல் கேளுங்கள். கானர் என்ற சிறுவனுக்கு அதைச் செய்ய மனிதர் ஒருவரும் முன்வராததால், மரம் ஒன்று வேரைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று!